நாலாம் தரம்

எங்கள் ஷெஃப் வேலையை விட்டுப் போகிறார் என்ற செய்தி 2023 செப்ரெம்பரில் குசினிக்கு வந்தது. அவருக்கு எழுபது வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டன. நத்தாருக்கு முந்திய வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று முதலாளி வந்து சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் நாலு பேரும் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றோம். ஆகவே யார் அழுதது என்று இப்போது சொல்ல முடியாது.

நாலு பேர் என்றால் அண்ணை, கரவெட்டியார், புரொபெசர், வன்னிப் பொடியன். புரொபெசர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் பௌதிகம் படித்தவர். மிச்ச வருடங்களை நாட்டு நிலைமை எடுத்துக்கொண்டது. பொடியனுக்கு முப்பத்திரண்டு வயது, தலையில் பாதி மயிர் இல்லை. இருந்தாலும் வந்த நாளில் வைத்த பெயர் மாறவில்லை. இதை எழுதுவது நாலு பேரில் யார் என்பது முக்கியமில்லை. காசு நாலு பேருடையது, பிழையும் நாலு பேருடையது.

ஷெஃபுக்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள். எங்களில் இரண்டு பேர் 2010 ஓகஸ்ட்டில் சன் சீ கப்பலில் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்த 492 பேரில் அடக்கம். மற்ற இரண்டு பேர் வேறு வழிகளில் வந்தவர்கள். எல்லாருடைய கேஸும் வருடக்கணக்கில் இழுபட்டது. அந்த நாட்களில் ரொறொன்ரோவில் எங்களுக்கு வேலை தந்தவர் இவர்தான். எங்களில் ஒருவருடைய விசாரணைக்கு, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, சாட்சி சொல்ல வந்து வெளியே வாங்கில் இருந்தார். உள்ளே கூப்பிடவில்லை. கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 'நேரத்துக்கு வருவார், கத்தியைத் தீட்டாமல் வீட்டுக்குப் போகமாட்டார்' என்று அதில் எழுதியிருந்தார். ஒரு மனிதனைப் பற்றி இவ்வளவு போதும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

என்ன கொடுப்பது? சங்கிலி போடலாம் என்றார் கரவெட்டியார். வெள்ளைக்காரக் கிழவர் சங்கிலியை என்ன செய்வார்? காசாகக் கொடுத்தால் வாங்கமாட்டார். ஹொக்கி அட்டை என்ற யோசனையைச் சொன்னவன் பொடியன்.

ஷெஃப் வடக்கு ஒன்ராறியோவில் கொக்றேன் என்ற ஊரில் பிறந்தவர். அங்கே பனியும் மரமும் ரயில் பாதையும்தான் என்பார். அந்த ஊரில் 1930ல் பிறந்த இன்னொருவர் ரிம் ஹோர்ட்டன். நாங்கள் வந்து முதல் மூன்று வருடம் ரிம் ஹோர்ட்டன் என்பது கோப்பியின் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். இந்த நாட்டில் எங்கள் சனம் கூடுகிற கோயில்களுக்கு அடுத்தபடி ரிம் ஹோர்ட்டன்ஸ்தான். வேலை தேடினதும் சீட்டுக் காசு கைமாறினதும் கலியாணம் பேசினதும் அந்தக் கடை மேசைகளில்தான். ஒரு நாள் ஷெஃப் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, "இவர் ஒரு மனிதர், தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றோம். அன்று ஓர்டர் குறைவு. நிறையக் கதைத்தார்.

ஹோர்ட்டன் மேப்பிள் லீஃப்ஸின் பின்வரிசை ஆட்டக்காரர். 1962, 63, 64, பிறகு 1967 என நாலு ஸ்ரான்லி கிண்ணங்கள். 1967க்குப் பிறகு லீஃப்ஸ் கிண்ணத்தைக் காணவேயில்லை. அதைச் சொல்லும்போது ஷெஃபின் முகம் எங்கள் ஊர்க் கதை சொல்லும் எங்கள் முகம் போலிருக்கும். சண்டை மூண்டால் ஹோர்ட்டன் ஆட்களை அடிப்பதில்லையாம், கட்டிப் பிடித்து நெரிப்பாராம். 1964ல் ஹமில்ரனில் டோனற் கடை திறந்தார். 1974 பெப்ரவரியில் ரொறொன்ரோவில் விளையாடிவிட்டு இரவோடிரவாக பஃபலோவுக்குக் கார் ஓடிப் போகும்போது விபத்தில் இறந்தார். வயது 44.

ஷெஃபின் தமையனிடம் ஹோர்ட்டனின் முதல் அட்டை இருந்ததாம். 1952 மாரியில் அந்த அட்டை வந்தபோது ஷெஃப் பிறக்கவேயில்லை. பிறகு வளர்ந்து அதைப் பார்க்கக் கேட்டால் தமையன் தூரத்தில் வைத்துக் காட்டுவாராம். தொட விடமாட்டார். ஒரு வசந்த காலத்தில் வீடு துப்புரவாக்கும்போது தாய் சப்பாத்துப் பெட்டியோடு எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டா. "நான் அதைத் தொட்டதேயில்லை" என்று சொல்லிவிட்டு ஷெஃப் மீன் பொரிக்கப் போய்விட்டார். அதைப் பொடியன் பத்து வருடம் மறக்காமல் வைத்திருந்தான்.

ஆனால் நாங்கள் நேரே அந்த அட்டையைத் தேடிப் போகவில்லை. போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை.

ரிப்ஸ் காசில் ஆளுக்கு 450 போட்டோம். மொத்தம் 1,800 டொலர். கடதாசித் துண்டு ஒன்றுக்கு இவ்வளவு காசா என்று அண்ணைக்கு மனம் கேட்கவில்லை. இலங்கைக் காசில் நாலு லட்சத்துக்கு மேல் வரும். ஊரில் அவருடைய தங்கச்சி வீட்டுக்குக் கூரை பாதியில் நிற்கிறது. இரண்டு நாள் ஒன்றும் பேசாமல் வேலை செய்தார். மூன்றாம் நாள், "கூரைக்கு நான் வேறை வழி பாக்கிறன், நீங்கள் அலுவலைப் பாருங்கோ" என்றார். அந்தப் பேச்சு எங்கள் எல்லாருக்கும் தொண்டையில் நின்றது. ஆகவே வாங்குவதை விலை போகிற சாமானாக வாங்கவேண்டும் என்று முடிவெடுத்தோம். பின்னாளில் ஷெஃபுக்கு ஒரு முடை வந்தால் விற்கலாம் அல்லவா? அந்த நியாயம்தான் எங்களைக் கிறெட்ஸ்கியிடம் கொண்டுபோய் விட்டது.

வெயின் கிறெட்ஸ்கியின் முதல் அட்டை 1979-80 பருவத்தில் வந்தது. நீலக் கரை போட்டது, 18ஆம் இலக்கம். அமெரிக்காவில் ரொப்ஸ் நிறுவனமும் கனடாவில் ஓ-பீ-சீ நிறுவனமும் ஒரே படத்தோடு தனித்தனியாக அச்சிட்டன. ஓ-பீ-சீ எங்கள் ஒன்ராறியோ லண்டன் நகரத்து சூயிங்கம் கம்பனி. அதன் அட்டையில் பின்பக்கம் ஆங்கிலமும் பிரெஞ்சும் இருக்கும். ரொப்ஸ் தொகுப்பில் 264 அட்டை, ஓ-பீ-சீயில் 396. பழுதில்லாத 10ஆம் தர ஓ-பீ-சீ கிறெட்ஸ்கி ஒன்று 2021ல் 37 லட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டொலருக்குக் கைமாறியது. அந்தத் தொகையைக் கேட்ட பிறகு எங்களுக்கு நித்திரை வரவில்லை.

பொடியனுக்கு யாரோ ஒருவர் விளம்பரத்தில் அகப்பட்டார். பாட்டனாரின் பெட்டியில் கிடந்த கிறெட்ஸ்கி, தரம் போடாதது, 400 டொலர். ஸ்காபரோவில் ஒரு கார்த் தரிப்பிடத்தில், மழைக்குள், இரவு பதினொன்றரைக்குச் சந்தித்தோம். வேலை முடிந்து மீன் எண்ணெய் மணத்தோடு போன நாலு பேர். அந்த மனிதர் பயந்துபோய்க் கெதியாய்க் காசை வாங்கிக்கொண்டு போனார். பயந்ததற்கு வேறு காரணம் இருந்தது என்று பிறகு விளங்கியது.

அடுத்த கிழமை ஒரு பழைய அட்டைக் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் படத்தைப் பார்க்கவேயில்லை. ஓரத்தைப் பார்த்தார். "மிச்சம் வடிவாய் வெட்டியிருக்கு" என்றார். ஓ-பீ-சீ தாள்களைக் கம்பியால் வெட்டியதால் அட்டையின் ஓரம் பிசிறு பிசிறாய், பாணைக் கையால் பிய்த்தது போல இருக்குமாம். அந்தப் பிசிறைக் குற்றமாக எடுப்பதில்லை. பிறகு ஒருவரும் ஓரம் சீவவில்லை என்பதற்கு அதையே சாட்சியாகப் பார்ப்பார்களாம். பிறகு ஒரு உருப்பெருக்கியைத் தந்து பின்பக்க எழுத்தைப் பார்க்கச் சொன்னார். உண்மை அட்டையில் எழுத்து ஒரே மையில் அச்சானது, கோடு முழுதாய் இருக்கும். படம் பிடித்துத் திரும்ப அச்சடித்தால் எழுத்தும் நுண்ணிய புள்ளிகளாய் உடைந்து போகும். எங்களுடையதில் புள்ளிகள், கோலம் போட்ட முற்றம் மாதிரி.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் ஒருவரும் கதைக்கவில்லை. எங்கள் விசாரணையில் பிசிறுதான் எங்களுக்கு எதிராக நின்றது. முதல் முறை சொன்ன திகதியும் இரண்டாம் முறை சொன்ன திகதியும் பொருந்தவில்லை. முகாமை விட்டு வெளிக்கிட்டது ஏப்ரலா மே மாதமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஓரம் ஒழுங்காய் இருந்தால் நம்பியிருப்பார்கள். இங்கே ஒரு கடதாசிக்கு அது மறுபக்கமாக நடக்கிறது. புரொபெசர் இதைச் சொல்லிச் சிரித்தார். அண்ணைக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு 400 டொலர்தான் நினைவில் நின்றது.

அதன் பிறகுதான் தரம் போட்ட அட்டையைத் தவிர வேறு ஒன்றும் தொடுவதில்லை என்று தீர்மானித்தோம்.

தரம் போடுவது ஒரு தனித் தொழில். 1991ல் கலிபோர்னியாவில் தொடங்கிய பி.எஸ்.ஏ. என்ற நிறுவனம் அதில் பெரியது. அட்டையை அனுப்பினால் உண்மையா பொய்யா என்று பார்த்து, 1 முதல் 10 வரை ஒரு எண் போட்டு, தடித்த பிளாஸ்ரிக் உறைக்குள் ஒட்டி மூடி, இலக்கம் குத்திய லேபிளோடு திருப்பி அனுப்புவார்கள். பார்ப்பது நாலு விஷயம். படம் கரைகளுக்கு நடுவில் இருக்கிறதா, மூலைகள் கூராக இருக்கின்றனவா, ஓரம் எப்படி, மேற்பரப்பில் மடிப்போ கறையோ கீறலோ உண்டா. பேனாக் கீறல், கறை, நடு விலகியது என்று சில குற்றங்களை எண்ணுக்குப் பக்கத்தில் எழுத்தாகவும் குறிப்பார்கள். ஓரத்தை வெட்டித் திருத்தியது தெரிந்தால் எண்ணே கிடையாது. 2021 மார்ச்சில் அட்டைகள் மலைமலையாய்க் குவிந்துபோய் அந்த நிறுவனம் கதவைச் சாத்திச் சில மாதம் பெரும்பாலான அட்டைகளைப் புதிதாய் எடுக்காமல் விட்டது. வருடக்கணக்கில் வரிசையில் நின்ற எங்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்கவில்லை.

தரம் போட்டவர்களும் மனிதர்கள்தான். பி.எஸ்.ஏ. முதன் முதலாகத் தரம் போட்டது ஹோனஸ் வாக்னரின் பழைய பேஸ்போல் அட்டை. 1991ல் அதை ஏலத்தில் வாங்கிய இருவரில் ஒருவர் இதே கிறெட்ஸ்கி. அதற்கு 8 கொடுத்தார்கள். 2013ல், அதை முன்பு கைமாற்றிய ஏலக்காரர், அட்டையின் ஓரத்தைத் தானே வெட்டியதாக நீதிமன்ற வழக்கில் ஒப்புக்கொண்டார். அந்தத் தொழிலின் முதல் அத்தாட்சியே இப்படி. அதற்காக அத்தாட்சியே வேண்டாம் என்று சொல்ல எங்களிடம் துணிவு இல்லை. லேபிள் இலக்கத்தை நிறுவனத்தின் பதிவில் போட்டுப் பார்த்து, அதில் வரும் படமும் கையில் இருக்கும் அட்டையும் ஒன்றுதானா என்று ஒப்பிடப் பழகினோம். உறையையும் லேபிளையும்கூடப் போலியாய்ச் செய்கிறார்கள்.

கையில் மிச்சம் 1,400. அதற்கு அகப்படக்கூடியவற்றைப் புரொபெசர் ஒரு பழைய மெனு அட்டையின் பின்பக்கத்தில் எழுதினார். கிறெட்ஸ்கி என்றால் 5, ஒருவேளை 6. பொபி ஓர் என்றால் 1966-67 ரொப்ஸ், 35ஆம் இலக்கம், மரப்பெட்டித் தொலைக்காட்சிக்குள் படம் தெரிவது போல வரைந்த கரை. அந்த மரநிறக் கரையில் சின்ன உராய்வும் வெள்ளையாய்த் தெரியும், எங்கள் காசுக்குக் கிடைப்பது 1 மட்டும். 1 என்றால் நடுவில் முறிந்து, மூலை உருண்டு, ஆரோ சைக்கிள் கம்பியில் செருகி ஓடின அட்டை. ஓர் பெரிய ஆட்டக்காரர், மறுக்கவில்லை. ஆனால் அவர் பொஸ்ரன்காரர். லீஃப்ஸ்காரருக்கு அதைக் கொடுப்பது பிள்ளையார் கோயில் ஐயருக்கு வேறு கோயில் பிரசாதம் கொடுப்பது மாதிரி என்றார் கரவெட்டியார்.

கிறெட்ஸ்கியை எடுப்போம் என்று மூன்று பேர் நின்றோம். எல்லாருக்கும் தெரிந்த பெயர், என்றைக்கும் விற்கலாம். பொடியன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கோபம் வந்தால் அவன் கதைக்கமாட்டான், பாத்திரத்தைத்தான் அடிப்பான். அன்று அடித்துக்கொண்டே கதைத்தான். "ஷெஃப் எப்பவாவது கிறெட்ஸ்கியைப் பற்றிக் கதைச்சவரோ? ஒருக்கால் சொல்லுங்கோ. நீங்கள் உங்கடை பயத்துக்கு வாங்குறியள்."

ஒருவரும் பதில் சொல்லவில்லை. 400 டொலரை இழந்ததற்கு அவன் மேல் நாங்கள் வைத்திருந்த கோபம் அன்றைக்குக் குறைந்தது. அவன் சொன்னது உண்மை. எது விலை இறங்காது என்று பார்த்தோமே தவிர யாருக்குக் கொடுக்கிறோம் என்று பார்க்கவில்லை.

ஹோர்ட்டனின் முதல் அட்டை 1952-53 பார்க்ஹெர்ஸ்ற், 58ஆம் இலக்கம். பார்க்ஹெர்ஸ்ற் ரொறொன்ரோக் கம்பனி. அந்தத் தொகுப்பில் 105 அட்டை. இப்போதைய அட்டையைவிடச் சின்னது. சாயம் தீட்டிய படம், மேலே கையெழுத்தின் அச்சு. ஹோர்ட்டன் லீஃப்ஸுக்கு முதல் ஆட்டம் ஆடியது 1949-50ல், ஆனாலும் 1952 அட்டைதான் முதல் அட்டை என்று கணக்கு. கோர்டி ஹவ் 1946லேயே ஆடத் தொடங்கியவர், அவருடைய முதல் அட்டை 1951-52. யுத்தத்தோடு நின்றுபோன ஹொக்கி அட்டை பத்து வருடம் வராமல் இருந்து அந்தப் பருவத்தில்தான் திரும்ப வந்தது. அதுவரை ஆடியதெல்லாம் கணக்கில் இல்லை. எங்கள் வயதையும் இங்கே சிலர் தரையிறங்கிய திகதியிலிருந்துதான் எண்ணுகிறார்கள்.

பார்க்ஹெர்ஸ்றின் 1951ஆம் ஆண்டு அட்டைகளைக் கலப்பதற்குச் சீமெந்து குழைக்கிற இயந்திரத்துக்குள் போட்டுச் சுழற்றினார்கள் என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். மூலை கூரான அட்டை அபூர்வம் என்பதற்கு அவர்கள் சொல்லும் காரணம் அது. 52ஆம் ஆண்டு அட்டையும் பிள்ளைகளின் கையில் உழன்றதுதான். 4, 5 என்பதே அந்த வயதுக்குக் கௌரவமான எண்.

நவம்பரில் மிசிசாகாவில் விமான நிலையத்துக்குக் கிட்ட நடக்கும் அட்டைச் சந்தைக்கு ஒரு ஞாயிறு காலையில் போனோம். மாலை வேலை. மண்டபம் நிறைய மேசைகள். மூன்று மணித்தியாலத்தில் இரண்டு ஹோர்ட்டன் அகப்பட்டன. இரண்டும் பி.எஸ்.ஏ. 4. ஒன்றுக்கு 1,050, மற்றதுக்கு 1,200 கேட்டார்கள். ஒரே எண்ணுக்கு ஏன் இரண்டு விலை என்று அண்ணை சண்டைக்குப் போனார்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் விளங்கியது. மலிவானதின் மூலைகள் நல்லவை. ஆனால் படம் இடப்பக்கம் சரிந்து கரை மயிரிழையாய் இருந்தது. புரொபெசர் உறைக்கு மேல் அடிமட்டம் வைத்து அளந்து எண்பதுக்கு இருபது என்றார். மற்றதில் படம் நடுவில் நின்றது, சாயம் நேற்றுத் தீட்டியது போல. நாலு மூலையும் மழுங்கியிருந்தன. வெளிச்சத்தில் சரித்தால் மேல் மூலையில் ஒரு மெல்லிய மடிப்பு தெரிந்தது. இரண்டு குறையும் வேறு வேறு, எண் மட்டும் ஒன்று. எண்ணைப் பார்த்து வாங்குகிறவன் முதலாவதை வாங்கி 150 டொலர் மிச்சம் பிடிப்பான். கையில் வைத்துப் பார்க்கப் போகிறவனுக்கு இரண்டாவதுதான். அந்த மூலை மழுங்கினது ஏதோ ஒரு பையனின் விரலால் என்று பொடியன் சொன்னான். 1,200க்குக் கேட்டதை 1,120க்குக் கொண்டுவந்தவர் அண்ணை. மரக்கறிச் சந்தையில் பழகிய கை.

கடைசி நாள் வேலை முடிவதற்கு முதல், மீன் பொரிக்கிற இடத்தில் வைத்தே கொடுத்தோம். ஷெஃப் கையைக் கழுவினார். துடைத்தார். திரும்பவும் கழுவினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். பிளாஸ்ரிக்கின் மேல் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "இதைத் திறக்கலாமா?" என்று கேட்டார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். திறந்தால் எண் செல்லாது, விலையில் பெரிய பங்கு போய்விடும், திரும்பத் தரம் போட அனுப்பவேண்டும், 3 கிடைத்தாலும் கிடைக்கும் என்று புரொபெசர் மெல்ல விளங்கப்படுத்தினார். அண்ணைதான் இடையில் வெட்டினார். "அது உங்கடை அட்டை, ஷெஃப்." மேசை பதினாலிலிருந்து இரண்டு மீனும் கிழங்கும் ஓர்டர் வந்தது. அவர் அதை மேற்சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினார்.

பெப்ரவரியில் கொக்றேன் தபால் முத்திரையோடு ஒரு கடித உறை ரெஸ்ரோரண்ட் விலாசத்துக்கு வந்தது. கடிதம் இல்லை. உள்ளே அட்டையின் லேபிள் மட்டும் இருந்தது. 1952 பார்க்ஹெர்ஸ்ற், ரிம் ஹோர்ட்டன், 58, தரம் 4. வேலை நேர அட்டவணைக்குப் பக்கத்தில் அதைக் குத்தி வைத்திருக்கிறோம். எண்ணெய்ப் புகையில் ஓரம் மஞ்சளாகிக்கொண்டு வருகிறது. இப்போது அனுப்பினால் லேபிளுக்கே 2க்கு மேல் கிடைக்காது என்கிறார் கரவெட்டியார்.